கடல் கடந்த அணியும் கரையிலிருந்த அதிகாரமும்

திருநெல்வேலியிலிருந்து மதுரைப் பெருஞ்சாலையில் வடக்கே செல்வோர், தாமிரபரணியின் வயற்பசுமை பின்தங்கி, சுண்ணாம்புக் கல் கலந்த வறண்ட பூமி தொடங்குகிற இடத்தில் தாழையூத்தின் சிமெண்டு ஆலையைக் காண்பார்கள். கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ். என். என். சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணஸ்வாமியும் 1946-இல் ஸ்தாபித்த இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை அது. 1949-இல் வேலை தொடங்கிய அந்த ஆலையைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புக்குச் சங்கர் நகர் என்று பெயர். தமிழ்நாடு பிரிமியர் லீக் தோன்றிய பிறகு அந்நகரின் மைதானத்திலே விளக்கொளியில் பந்தயங்கள் நடப்பதும், சுற்று வட்டாரத்து ஜனங்கள் குடும்பத்தோடு திரண்டு வருவதும், 2023-இல் இறுதிப் பந்தயமே அங்கு நடந்து உள்ளூரின் நெல்லை ராயல் கிங்ஸ் கோவை அணியிடம் தோற்றதும் இப்பக்கத்தார் அறிந்தவை. எனினும் இக்கட்டுரைக்கு அந்த ஆலை வேண்டியிருப்பது வேறொரு காரணம் பற்றி. நாராயணஸ்வாமியின் குமாரரான என். சீனிவாசன் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தபோது, 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டுகளிலும் தோற்ற அணியின் தலைவரை விலக்கவேண்டுமென்ற எண்ணம் தேர்வாளரிடையே எழுந்தது. அதை நிறைவேறவொட்டாமல் தடுத்தது அவருடைய அதிகாரமே. ஓர் அணி சிட்னியிலும் பெர்த்திலும் ஆடிக்கொண்டிருக்க, அதன் தலைமையைப் பற்றிய தீர்மானம் அதற்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒருவர் சொல்லால் முடிந்துபோயிற்று.

தேசத்தின் அணி அந்நிய மண்ணில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருக்கும்போதோ, புறப்படும் தறுவாயிலோ அதன் தலைமை ஆட்டங்காண்பது நம் நாட்டில் அபூர்வமான சம்பவமன்று. 1932-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடிய நாள் தொட்டு, 2025-இல் இங்கிலாந்து சென்று திரும்பிய நாள் வரையில், அத்தகைய சந்தர்ப்பங்கள் பத்துக்கு மேலாகவே எண்ணக் கிடக்கின்றன. தலைமை குலைந்தால் அணி தோற்கும் என்பது பொதுவான அபிப்பிராயம். சரித்திரத்தை வரிசையாகப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த அபிப்பிராயம் நிலைக்காது. ஏனெனில் 1971-இல் தலைவரை மாற்றிய அணி மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே வென்றது. 2005-இல் தலைவரும் பயிற்சியாளரும் பகைத்து நின்ற அணி ஜிம்பாப்வேயை இரண்டு டெஸ்டுகளிலும் தோற்கடித்தது. 2021-இல் தலைவர் ஊர் திரும்பிய பிறகே அணி ஆஸ்திரேலியாவைப் பணியவைத்தது. ஆகவே வெற்றி தோல்வியை அளவுகோலாகக் கொள்ளாமல், தலைவரை வைப்பதும் எடுப்பதும் யார் கையில் இருந்தது, அதற்கு அவர் யாருக்குக் கணக்குச் சொன்னார் என்று கேட்பதே இவ்விஷயத்தை ஆராய்வதற்கு உரிய வழியாகும். தாமிரபரணிப் பாசனத்தில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை அணைகள் எட்டு. மேலே ஒரு மடையைப் பற்றி நடக்கும் வழக்கு கடைமடைக்காரன் வயலில்தான் வெடிப்பாகத் தெரியவரும். கடல் கடந்த அணி அந்தக் கடைமடை. அங்கே காணும் வெடிப்புக்குக் காரணம் அநேகமாக அங்கே இருப்பதில்லை.

முதல் பிரயாணத்திலேயே இந்த விசித்திரம் தொடங்கிவிட்டது. 1932-இல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. உபதலைவர் லிம்டி சமஸ்தானத்து ராஜகுமாரர். வெள்ளைக்கார அதிகாரிகளோடு சமதையாக விருந்துண்ணத் தக்க அந்தஸ்து ஆட்டத் திறமையைக் காட்டிலும் முக்கியமென்று கருதப்பட்ட காலம் அது. அணியின் செலவுக்குப் பணம் தருகிறவர்களும் சமஸ்தானாதிபதிகளே ஆதலால், பணம் தந்தவர் பதவி கொள்வது இயல்பென்றே எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். போர்பந்தர் மகாராஜாவிடம் பாராட்டத்தக்க ஒரு குணம் இருந்தது. தமக்குப் பேட் பிடிக்க வராது என்பதை அவர் அறிந்திருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் ஜூன் 25-ஆம் தேதி நடந்த அந்தச் சரித்திரப் பிரசித்தி பெற்ற பந்தயத்தில் அவர் ஒதுங்கிக்கொண்டு, ஸி. கே. நாயுடுவைத் தலைமை ஏற்கச் செய்தார். சிலர் இதை விரும்பாமல் முணுமுணுத்தார்கள். மகாராஜா தம் முடிவை மாற்றவில்லை. இந்தியா 158 ரன்னில் தோற்றதாயினும் முகமது நிஸாரின் வேகமும் நாயுடுவின் நடத்தையும் இங்கிலாந்தாரின் மரியாதையைப் பெற்றன. அரசகுலத்தவரின் தலைமையில் நடந்த பிரயாணங்களில் மானத்தோடு முடிந்தது இது என்றால் அதற்குக் காரணம், அரசர் அரசராக நடந்துகொள்ளாமையே.

நான்கு வருஷங்கள் கழித்து வந்த 1936-ஆம் வருஷப் பிரயாணமோ இவ்வகைக் கலகங்களுக்கெல்லாம் மூலகிரந்தம் போன்றது. அதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கவேண்டும். விஜயநகரம் மகாராஜகுமார் விஜய ஆனந்த கஜபதி ராஜு, கிரிக்கெட் உலகில் விஸ்ஸி என்ற செல்லப்பெயரால் வழங்கப்பட்டவர், பணத்தாலும் உபசாரத்தாலும் வாரியத்தில் ஆதரவு திரட்டி, நாயுடுவைப் பின்தள்ளித் தலைமையைப் பெற்றுக்கொண்டார். பெட்டிகள் முப்பத்தாறும் பணியாளர் இருவருமாக அவர் கப்பலேறிய வைபவத்தை எழுதாத கிரிக்கெட் சரித்திரக்காரர் இல்லை. அப்பிரயாணத்து டெஸ்டுகள் மூன்றிலும் அவர் எடுத்த ரன் மொத்தம் 33. இதில் குற்றமொன்றுமில்லை, ஆட்டத்தில் தாழ்ந்தவர் பலர் நல்ல தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். குற்றம் வேறு இடத்தில் இருந்தது. தம்மைவிட மேலான ஆட்டக்காரர் பலரைத் தம் கீழ் வைத்து ஆளவேண்டியிருந்த அவர், அவர்களுக்குள் கட்சி பிரித்து, தம் பக்கம் நின்றவர்களுக்குச் சலுகையும் நில்லாதவர்களுக்குத் தண்டனையும் கொடுத்துத் தம் ஸ்தானத்தைக் காப்பாற்றிக்கொள்ள முயன்றார். நாயுடுவைக் காலை உணவு மேஜையில் எல்லோரும் காண அவமதித்த ஒருவருக்கு அதற்குப் பரிசாக டெஸ்டில் இடம் கிடைத்ததென்று அக்காலத்தவர் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பிரயாணத்தில் மற்றெவரையும்விட மேலாக ஆடிக்கொண்டிருந்தவர் லாலா அமர்நாத். முதல் டெஸ்டுக்கு முன்பே 600-க்கு மேற்பட்ட ரன்களும், எஸ்ஸெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே பந்தயத்தில் இரண்டு சதங்களும் அவர் கணக்கில் சேர்ந்திருந்தன. லார்ட்ஸில் மைனர் கவுண்டிகளுடன் நடந்த ஆட்டத்தில், கால்காப்புக் கட்டிக்கொண்டு தம் முறைக்காகக் காத்திருந்தவரைத் தாண்டி வேறு பெயர்கள் மாற்றி மாற்றி அனுப்பப்பட்டபோது, பொறுமையிழந்த அவர் ஆடையறைக்குத் திரும்பியதும் கால்காப்புகளை வீசியெறிந்து பஞ்சாபியில் சில வார்த்தைகள் சொன்னார். தலைவரும் மானேஜரான மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸும் கூடி, ஒழுங்கீனம் என்று தீர்மானித்து, அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அணியின் மூத்தவர்கள் பரிந்து பேசியும் பயனில்லை. மூன்று டெஸ்டுகளில் இரண்டில் இந்தியா ஒன்பது விக்கெட்டில் தோற்றது. மாஞ்செஸ்டரில் மட்டும் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் ஆளுக்கொரு சதம் அடித்து முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து மானம் காத்தார்கள். அந்த முஷ்டாக் அலியிடமும், மெர்ச்சண்டை ரன் அவுட் ஆக்கினால் தங்கக் கடிகாரம் தருவதாகத் தலைவர் ஆசைகாட்டினார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை. இத்தனைக்கும் நடுவே மகாராஜகுமாருக்கு அவ்வருஷமே ஸர் பட்டம் கிடைத்தது.

அந்தப் பிரயாணத்தில் நம் சென்னை ராஜதானியைச் சேர்ந்த இருவர் இருந்தார்கள் என்பதை நம்மவர் அதிகம் நினைப்பதில்லை. ஒருவர் எம். ஜே. கோபாலன். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் ஒருங்கே தேர்ந்தவரான அவர், அதே கோடையில் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குச் செல்லும் வாய்ப்பை விட்டு, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றார். தியான்சந்தின் அணி பெர்லினில் தங்கம் வென்றது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டுகூடக் கிட்டவில்லை. மற்றொருவர் ஸி. ராமஸ்வாமி, சென்னைக் கிரிக்கெட்டின் தந்தையெனப் போற்றப்படும் புச்சி பாபு நாயுடுவின் குமாரர். 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடிய அவர் நாற்பதாம் வயதில் மாஞ்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-உம் 60-உம் எடுத்தார். ஓவலில் 29-உம், ஆட்டமிழக்காமல் 41-உம். கலகத்தின் நடுவே எந்தக் கட்சியிலும் சேராமல் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டு வந்த அந்த மனிதரின் டெஸ்ட் சராசரி 56-க்கு மேல். அதன் பிறகு அவரை யாரும் டெஸ்டுக்கு அழைக்கவில்லை.

ஆயினும் 1936-இன் கலகத்துக்கு, பின்வந்த கலகங்களுக்கு வாய்க்காத ஒரு சிறப்பு உண்டு. பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி ஸர் ஜான் பியூமாண்ட் தலைமையில் அமைந்த குழு விசாரணை நடத்தி, 1937-இன் தொடக்கத்தில் அமர்நாத்தைக் குற்றமற்றவரென்றும், தலைமை வகித்தவரின் நடத்தையே குறையுடையதென்றும் தீர்ப்பளித்தது. யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்பது ஏட்டில் ஏறிற்று. அந்தத் தீர்ப்புப் பெற்ற விஸ்ஸியே 1950-களில் வாரியத்தின் தலைவராக வந்து அமர்ந்தது நம் தேசத்து நிர்வாகங்களின் மறதிக்கு நல்ல சாட்சி.

சுதந்தரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் கரைந்தன. சமஸ்தான புத்தி கரையவில்லை. 1947-48-இல் ஆஸ்திரேலியா செல்ல நியமிக்கப்பட்ட மெர்ச்சண்ட் உடல்நலக் குறைவால் விலகவே, பதினொரு வருஷங்களுக்கு முன் கப்பலேற்றி அனுப்பப்பட்ட அமர்நாத்தே தலைவரானார். தேசப் பிரிவினையால் சிதைந்திருந்த அணி பிராட்மனின் அணியிடம் நான்கு டெஸ்டுகளில் தோற்றது. 1958-59-இல் மேற்கிந்தியர் இங்கே வந்தபோது, ஐந்து டெஸ்டுகளுக்குள் இந்தியாவுக்கு நால்வர் தலைவர்கள். அணியில் யாரைச் சேர்ப்பது என்பதில் வாரியத் தலைவர் தலையிட்டார் என்று பாலி உம்ரிகர் சென்னை டெஸ்டின் தறுவாயில் தலைமையை ராஜினாமாச் செய்தார். அந்தக் குழப்பத்தின் ஆறுமாதக் கனிதான் 1959-இன் இங்கிலாந்துப் பிரயாணம். முந்திய பருவத்தில் தலைமை வகித்த நால்வரையும் ஒதுக்கிவிட்டு, தத்தா கெய்க்வாடைத் தலைவராக்கி அனுப்பினார்கள். ஐந்து டெஸ்டுகளிலும் தோல்வி. அதற்கு முன் இந்தியா எந்தத் தொடரிலும் அப்படித் தோற்றதில்லை. பழியைக் கெய்க்வாடின் தலையில் ஏற்றியவர்கள், பத்து மாதத்துக்குள் ஐவரைத் தலைவராக்கிப் பார்த்தவர்களைக் கேள்வி கேட்கவில்லை.

இதற்கு நேர் மாறானது 1962. மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸ் அணிக்கு எதிராக ஆடுகையில் சார்லி கிரிஃபித்தின் பந்து தலையில் தாக்கி, நாரி காண்ட்ராக்டர் மண்டையோடு பிளந்து உயிருக்குப் போராடினார். மேற்கிந்திய அணியின் தலைவர் ஃபிராங்க் வொரலே அவருக்கு இரத்ததானம் செய்தார். சில தினங்களுக்குள், முந்திய வருஷம் கார் விபத்தில் வலக்கண்ணின் பார்வையை இழந்திருந்த 21 வயது இளைஞர் மன்சூர் அலிகான் பட்டோடி தலைவரானார். அத்தொடரிலும் ஐந்துக்கு ஐந்து தோல்வியே. ஆனால் அணிக்குள் பகை மூண்டதில்லை, கட்சி கட்டியதில்லை, எவரும் எவரையும் சந்தேகித்ததில்லை. மாற்றத்தின் காரணம் எல்லார் கண்முன்னும் நடந்திருந்தது. அதே இளைஞர் 1968-இல் நியூஸிலாந்தில், வெளிநாட்டில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றியைக் கொணர்ந்தார்.

அந்தப் பட்டோடியை 1971-இன் தொடக்கத்தில் விலக்கியது ஒரே ஒரு வாக்கு. தேர்வாளர்கள் இரண்டு இரண்டாகப் பிரிய, தலைவரான விஜய் மெர்ச்சண்ட் தம் தீர்ப்பு வாக்கை அஜித் வடேகருக்கு அளித்தார். 1936-இல் விஸ்ஸியின் கீழ் ஆடியவர் மெர்ச்சண்ட் என்பதையும், மன்னர் மானியமும் பட்டங்களும் ஒழிக்கப்பட்ட வருஷமும் 1971-ஏ என்பதையும் சேர்த்துப் பார்த்து, இதைப் பழி தீர்ப்பாகக் கண்டவர்கள் உண்டு. அது எப்படியாயினும், தீர்மானித்தவர் தேர்வாளர்; தீர்மானிக்க அவருக்கு உரிமை இருந்தது; இளைஞர்களுக்கு இடம் தரவேண்டுமென்ற காரணத்தை அவர் ஒளிக்கவில்லை. பட்டோடி அப்பிரயாணத்துக்குச் செல்ல மறுத்துத் தேர்தலில் நின்றார். உபதலைவராகச் சென்றவர் நம் எஸ். வெங்கட்ராகவன். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வென்று தொடரைக் கைப்பற்றிய அந்த அணியில், கவாஸ்கரின் 774 ரன்னையும் சர்தேசாயின் 642 ரன்னையும் பேசுகிறவர்கள், 22 விக்கெட் எடுத்த வெங்கட்ராகவனைச் சற்று மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டு 24-ஆம் தேதி ஓவலில் சந்திரசேகரின் 6 விக்கெட்டுக்குப் பின் இங்கிலாந்தும் வீழ்ந்தது. மூன்றே வருஷத்தில், 1974-இல், லார்ட்ஸில் 42 ரன்னுக்குச் சுருண்டு மூன்று டெஸ்டும் இழந்து திரும்பிய அதே வடேகரின் வீட்டின்மேல் கல் விழுந்தது. சிறிது காலத்தில் அவர் ஆட்டத்தையே துறந்தார்.

இனி 1979-க்கு வருவோம். தமிழ் வாசகர் வருத்தத்தோடு வாசிக்கவேண்டிய அத்தியாயம் இது. வெங்கட்ராகவனுக்குத் தலைமை என்பது வாழ்நாள் முழுதும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத பண்டமாகவே இருந்தது. 1974-இன் இறுதியில் டெல்லி டெஸ்டில் மேற்கிந்தியருக்கு எதிராக அவர் தலைவர். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள். உலகக் கிரிக்கெட்டில் இப்படி ஓர் இறக்கம் வேறெங்கும் சுலபத்தில் காணமுடியாது. 1978-79-இல் கவாஸ்கர் தலைமையில் இந்தியா சொந்த மண்ணில் மேற்கிந்தியரை வென்ற பின்னும், அவரை விலக்கி, வெங்கட்ராகவனை 1979-இன் உலகக் கோப்பைக்கும் இங்கிலாந்து டெஸ்டுகளுக்கும் தலைவராக்கினார்கள். வாரியங்களுக்குப் போட்டியாகத் தனித் தொடர் நடத்திய கெர்ரி பாக்கரின் கூட்டத்தோடு கவாஸ்கர் பேச்சு வைத்திருக்கிறார் என்ற சந்தேகமே காரணமென்று பத்திரிகைகள் எழுதின. பறிகொடுத்தவரும் பெற்றுக்கொண்டவரும் ஒரே அறையில் ஆடை மாற்றவேண்டிய நிலை. உலகக் கோப்பையில் இலங்கை உள்பட மூவரிடமும் தோற்ற அணி, டெஸ்டுகளில் முதலாவதை இழந்து, மற்றவற்றைச் சமன்செய்து, ஓவலில் 438 ரன் இலக்கைத் துரத்தியது. கவாஸ்கர் 221 எடுத்தார். ஆட்டம் முடிந்தபோது இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. விஸ்வநாத்தை நிறுத்திவைத்துக் கபில்தேவை முன்னே அனுப்பியது பிழையென்று இன்றளவும் வாதாடுகிறார்கள். வாதத்தில் நியாயம் உண்டு. வெங்கட்ராகவனின் பந்துவீச்சும் அப்பிரயாணத்தில் சோபிக்கவில்லை. அவரை மாற்றக் காரணங்கள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

ஒப்புக்கொள்ள முடியாதது மாற்றிய விதம். அணி ஊர் திரும்பிக்கொண்டிருந்த விமானத்தில், நடுவானில், விமானி ஒலிபெருக்கி மூலம் கவாஸ்கர் மீண்டும் தலைவராக நியமிக்கப்பட்ட செய்தியை வாழ்த்தோடு அறிவித்தார். தாம் விலக்கப்பட்டதை வெங்கட்ராகவன் தெரிந்துகொண்டது அப்படித்தான், பிற பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து. நேரே சொல்லவோ, கடிதம் எழுதவோ, காரணம் கூறவோ ஒருவருக்கும் தோன்றவில்லை. பியூமாண்ட் குழு போல் விசாரிக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. பின்னாளில் அவர் வெள்ளைத் தொப்பியணிந்து 73 டெஸ்டுகளில் நடுவராக நின்று உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றார் என்பது அவருக்குப் பெருமை. அவரை அனுப்பியவர்களின் சிறுமையை அது துடைக்காது.

சென்னையின் இன்னொரு தலைவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், 1989-இல் பாகிஸ்தானுக்கு அணியை அழைத்துச் சென்று, பதினாறு வயது டெண்டுல்கரை முதன்முதலாகக் களமிறக்கி, நான்கு டெஸ்டுகளையும் தோல்வியின்றி முடித்தார். அந்நாளில் பாகிஸ்தான் மண்ணில் அது சாதனை. திரும்பியதும் தலைமை போயிற்று. அணியில் இடமும் சிறிது காலம் போயிற்று. 2005-இல் ஜிம்பாப்வேயில் சௌரவ் கங்குலியைத் தலைமையிலிருந்து விலகும்படி பயிற்சியாளர் கிரெக் சாப்பல் யோசனை சொன்னதும், கங்குலி சதம் அடித்துவிட்டு அதைப் பத்திரிகைக்காரர்களிடம் வெளியிட்டதும், சாப்பல் வாரியத்துக்கு எழுதிய அந்தரங்கக் கடிதம் கசிந்து வீதிக்கு வந்ததும் அநேகருக்கு நினைவிருக்கும். தொடரை வென்ற தலைவர் சில வாரங்களில் தலைமையை இழந்தார்.

இப்போது மறுபடி 2012-ஐ எடுத்துக்கொள்வோம். 2011-இல் இங்கிலாந்தில் நான்கு, அதைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவில் நான்கு என வெளிநாட்டில் எட்டு டெஸ்டுகளை இந்தியா அடுத்தடுத்து இழந்திருந்தது. கடைசி டெஸ்டில், பந்துவீச்சு தாமதப்பட்ட குற்றத்துக்காக அணித் தலைவர் தோனி விலக்கப்பட்டிருந்ததால், சேவாக் தலைமை வகித்தார். தேர்வுக்குழுவின் தலைவர் ஸ்ரீகாந்த். உறுப்பினருள் ஒருவர் மொகிந்தர் அமர்நாத், 1936-இல் கப்பலேற்றப்பட்ட லாலா அமர்நாத்தின் குமாரர். தோனியை மாற்றத் தேர்வாளர் முனைந்ததையும், வாரியத் தலைவர் தடுத்ததையும் அவ்வாண்டின் இறுதியில் பகிரங்கமாகச் சொன்னவர் அவரே. அதற்குள் அவர் குழுவில் இல்லை. செப்டம்பரில் குழு மாற்றியமைக்கப்பட்டிருந்தது. தாம் தடுத்தது உண்மையே என்று சீனிவாசனும் பல ஆண்டுகளுக்குப் பின் கூறினார். உலகக் கோப்பையை வென்று தந்தவரை ஓராண்டு முடியுமுன் எப்படி விலக்குவது என்பது அவர் வாதம்.

அந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2013-இல் அதே தோனி இங்கிலாந்தில் சாம்பியன்ஸ் கோப்பையை வென்று வந்தார். அக்கால விதிகளின்படி அணிப் பட்டியலுக்கு வாரியத் தலைவரின் ஒப்புதல் தேவையாகவும் இருந்தது. எனினும், சீனிவாசன் நடத்திய இந்தியா சிமெண்ட்ஸே அப்போது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உடைமையாளர். தோனி அவ்வணியின் தலைவர். தேசிய அணியின் தலைவரைக் காத்த கையும், அவருக்குச் சம்பளம் கொடுத்த கையும் ஒன்றாக இருந்தபோது, அந்தக் காப்பு ஆட்டத்தின் நலனை மட்டுமே கருதியதா என்று ஐயுறுவோரைக் குறை சொல்ல இடமில்லை. வாரிய நிர்வாகிகள் லீக் அணிகளை உடைமையாக வைத்துக்கொள்ள இடங்கொடுத்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளியது இக்காரணம் பற்றியே. போர்பந்தரும் விஜயநகரமும் சமஸ்தானத்து வருவாயைக் கொண்டு செய்ததை, தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒரு தொழில் ஸ்தாபனத்தின் வருவாய் வேறு உருவில் செய்தது. விஸ்ஸியின் அற்பத்தனத்தோடு சீனிவாசனை ஒப்பிடுவது அநியாயம்; வேலையில்லாத ஆட்டக்காரர் எத்தனையோ பேருக்குத் தம் கம்பெனியில் வேலை கொடுத்துத் தமிழகத்துக் கிரிக்கெட்டை வாழவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். சங்கர் நகர் மைதானத்தில் ஆட்டம் பார்த்துக் களித்த நெல்லைச் சீமையார் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் வசமாகி, ஐயரும் நாராயணஸ்வாமியும் தொடங்கிய ஸ்தாபனம் கைமாறியது.

அண்மைக் காலத்துச் சம்பவங்களைச் சுருக்கமாகக் கூறலாம். 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ரன்னுக்கு அணி சுருண்டதும், விராட் கோலி தம் முதற்குழந்தையின் பிறப்பை முன்னிட்டு, முன்பே அறிவித்தபடி ஊர் திரும்பினார். ரகானே தலைமையேற்று மெல்போர்னில் சதமடித்து வென்றார். சிட்னியில் அஸ்வினும் விகாரியும் உடலெங்கும் காயத்தோடு மாலை வரை நின்று தோல்வியைத் தடுத்தார்கள். பிரிஸ்பேனில், சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆட, 328 ரன் இலக்கை எட்டித் தொடரைக் கைப்பற்றியது அணி. ஓராண்டுக்குள் கதை தலைகீழாயிற்று. 2021 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா புறப்படும் முன், ஒருநாள் ஆட்டத் தலைமையிலிருந்து கோலியை நீக்கினார்கள். தேர்வுக் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகத்தான் தமக்குத் தகவல் வந்ததென்று அவர் சொல்ல, அதற்கு முன் வாரியத் தலைவர் கங்குலி சொல்லியிருந்தது அதற்கு முரணாக நின்றது. 2005-இல் தமக்கு நேர்ந்ததைக் கங்குலி மறந்திருக்கமாட்டார். நாற்காலி மறக்கச் செய்தது போலும். செஞ்சூரியனில் வென்ற அணி, அடுத்த இரண்டையும் இழந்தது. தொடர் முடிந்த மறுநாள் கோலி டெஸ்ட் தலைமையையும் துறந்தார்.

2024-25-இன் ஆஸ்திரேலியப் பிரயாணத்தில் பெர்த்தில் பும்ரா தலைமையில் 295 ரன்னில் வென்ற அணி, ரோகித் சர்மா வந்து தலைமையேற்ற பின் சரிந்தது. பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த டிசம்பர் 18-இல், தொடர் நடுவிலேயே, 537 விக்கெட் எடுத்த அஸ்வின் ஓய்வு அறிவித்து விமானமேறினார். 2021-இல் இங்கிலாந்தில் அந்நாட்டு அணியோடு ஆடிய நான்கு டெஸ்டுகளிலும் வெளியே உட்காரவைக்கப்பட்டவர் அவர். நூறு டெஸ்டுகளுக்கு மேல் ஆடி, ஆட்டத்தின் நுட்பங்களை மற்றெவரையும்விட ஆழ்ந்து சிந்தித்த அவரை இந்தியாவுக்கு ஒருமுறைகூடத் தலைவராக்கிப் பார்க்காதது தேர்வாளரின் கற்பனை வறட்சி என்பது என் துணிபு. சிட்னியில் ரோகித் தாமே ஒதுங்கினார். தொடர் 1-3 என்று போயிற்று. 2025 மே மாதத்தில் ரோகித்தும் கோலியும் ஒரு வாரத்துக்குள் டெஸ்டிலிருந்து விலக, இருபத்தைந்து வயது சுப்மன் கில் இங்கிலாந்துக்குத் தலைவராகச் சென்றார். தேர்வுக்குழுவின் தலைவர் அகர்கர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அவரைத் தேர்ந்த காரணத்தைச் சொன்னார். எட்ஜ்பாஸ்டனில் 269-உம் 161-உம், தொடரில் மொத்தம் 754-உம் ரன் எடுத்தார் அந்த இளைஞர். ஆகஸ்டு 4-ஆம் தேதி ஓவலில் ஆறே ரன்னில் வென்று 2-2 என்று சமன்செய்து திரும்பியது அணி.

நியமிக்கும் அதிகாரம் அரசரிடமிருந்து பிரமுகரிடமும், பிரமுகரிடமிருந்து முதலாளியிடமும், அவரிடமிருந்து சம்பளம் பெறும் தேர்வாளரிடமும் வந்திருக்கிறது, இது முன்னேற்றமே. ஆனால் விலக்கும்போது காரணம் சொல்லும் கடமை அதனோடு வந்துசேரவில்லை. தேர்வாளரை நோக்கியும் வாரியத்தை நோக்கியும் ரசிகர்கள் வைக்கவேண்டிய கோரிக்கைகள் இரண்டு: அணித் தலைவரை மாற்றுவதாயின் அவரை நேரில் அழைத்து முதலில் அவரிடமே சொல்லுங்கள்; பிறகு, முடிவெடுத்தவர்கள் யார், எதனால் எடுத்தார்கள் என்பதை உங்கள் கையெழுத்தோடு வெளியிடுங்கள். 1937-இல் பியூமாண்ட் குழுவுக்கு முடிந்த காரியம் உங்களுக்கு முடியாததன்று.